இடப்பக்கம் இழுத்த வண்டி

அத்தியாயம் பதினான்கு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சந்தானம் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையின்மேல் வைத்தான். வைத்தவன் உட்காரவில்லை.

"நான் நின்னுக்கறேன் டீச்சரம்மா. வேற டிரைவரைப் பாத்துக்குங்க."

காப்பி ஆற்றிக்கொண்டிருந்த டோரதியின் கை நின்றது. "என்ன ஆச்சு சந்தானம்?"

"நேத்து சாயங்காலமும் அதேதான். ஏரித் திருப்பத்துல பிரேக்கை மிதிச்சேன். பக்கத்துல யாரோ உக்காந்துக்கிட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுக்கற மாதிரி வண்டி இடப்பக்கம் போச்சு. இன்னும் ரெண்டு முழம் போயிருந்தா தண்ணிதான். பின்னால அம்மா வேற இருக்காங்க." உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் ரெண்டு புள்ளைக்காரன். செத்தவரு கூட மல்லுக்கட்ட என்னால ஆகாது."

டோரதி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

போன ஆகஸ்டில், அடைமழை பெய்த ஒரு நாள், அல்சூர் ஏரிக்கரைத் திருப்பத்தில் அதே வண்டி தண்ணீரில் இறங்கி, டோரதியின் அப்பா, வாடகைக் கார் அலெக்சாண்டர், போய்ச் சேர்ந்தார். ஓட்டியவன் அவர் மகன் நோயல். "பிரேக்கைத்தான் மிதிச்சேன், வண்டி தானா திரும்பிச்சு" என்று அவன் போலீஸிடம் சொன்னான், கோவிலில் சாமியாரிடம் சொன்னான், வீட்டில் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. பையன் குடித்திருந்தான் என்று அவர்கள் குடியிருந்த மர்பி டவுனில் பாதிப்பேர் முடிவுகட்டிவிட்டார்கள். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பிய அன்று பியாட்ரிஸ் அம்மாள் மகனை நேருக்கு நேர் பார்த்து, "நீதாண்டா அவரை முழுங்கிட்டே" என்றாள். அதற்குப் பிறகு ஏழு மாதமாக அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சோறு போடுவாள். தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவாள்.

நோயல் அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மரக்கடையில் கட்டைகளுக்கு நம்பர் எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஐந்தாறு மாதம் கோணி போர்த்திக் கிடந்த வண்டியை எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவந்து விட்டவன் ஆம்ப்ரோஸ். டோரதிக்கு நிச்சயமான மாப்பிள்ளை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் மோட்டார் பட்டறையில் மிஸ்திரி. துக்கம் விசாரிக்க வந்தவன், மறு ஞாயிறும் வந்தான், அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். அப்படித்தான் விஷயம் நிச்சயம்வரை வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். கோவிலில் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை நாளைக்கு.

பட்டறையிலிருந்து வண்டி புதுசு போலத்தான் வந்தது. ஆனால் போகும்போது இல்லாத சீக்குகள் வரும்போது கூடவே வந்தன. முதல் நாள் பின் ஸீட்டுக்கு அடியில் கடகடவென்று சத்தம். பார்த்தால், மறந்து விட்டுப்போன ஒரு ஸ்பானர். ஆம்ப்ரோஸ் சிரித்துக்கொண்டே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். இரண்டாம் நாள் ஹாரன் அடித்தால் பக்க விளக்கு அணைந்தது. ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அதுவும் சரியாயிற்று. மூன்றாவதாக வந்ததுதான் இந்த இழுப்பு.

அதற்கும் ஆம்ப்ரோஸ் இரண்டு முறை வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "ஒண்ணும் இல்லே டோரதி. வண்டி நூல் பிடிச்ச மாதிரி போகுது. சந்தானம் பயந்தாங்கொள்ளி" என்றான்.

ஆனால் டோரதிக்குப் பயம் சந்தானத்தைப் பற்றி அல்ல. அம்மாவைப் பற்றி.

தினமும் சாயங்காலம் பியாட்ரிஸ் அம்மாள் அந்த வண்டியில் பிளாக்பள்ளி மாதா கோவிலுக்குப் போய்வந்தாள். தவக்காலம், செபத்துக்குப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புதன்கிழமை டோரதியும் கூடப் போனாள். திரும்பும் வழியில் ஏரி தெரிந்ததும் அம்மா ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கண்களை மூடிக்கொண்டாள். சந்தானம் பிரேக்கை மிதித்தான், வண்டி இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது, டோரதி அலறிப்போய் முன் ஸீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா அசையவில்லை. "வந்துட்டீங்களா" என்றாள், மிக மெதுவாக. அவள் முகத்தில் இருந்தது சிரிப்பு. அந்தச் சிரிப்பை டோரதியால் அதன்பின் மறக்க முடியவில்லை.

"டோரதி." உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. சந்தானம் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். "போறவன் போகட்டும். யாரும் பயப்பட வேண்டாம். அவரு எனக்காகத்தான் வர்றாரு. சாயங்காலத்துக்குள்ளே வேற டிரைவர் பாரு."

சந்தானம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். டோரதி பின்னாலேயே போனாள். மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். குழப்பமான கணக்கு வந்தால், தெரிந்ததை முதலில் பிரித்து எழுது என்று பிள்ளைகளிடம் சொல்லுவாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ சந்தானம். காலையிலே அந்தப் பக்கம் வந்திருக்கியா?"

"ஏன் வரலே? ஆறு மணி ரயிலுக்கு ஆளை இறக்கிட்டு அந்த வழியாத்தான் வருவேன்."

"அப்போ இழுக்குமா?"

சந்தானம் யோசித்தான். "இல்லே. காலையில ஒரு நாளும் இழுத்ததில்லே. சாயங்காலம்தான்." பிறகு அதற்கு அவனே காரணமும் சொன்னான். "உங்க அப்பா போனது சாயங்காலம்தானே."

---

நோயல் கொல்லையில் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வண்டியை எடுக்கணும். இப்போ."

கண்ணாடியில் அவன் முகம் அப்படியே இருந்தது. "ஆம்ப்ரோஸைக் கூப்பிடு."

"அவர் ரெண்டு தடவை பார்த்துட்டார். ஒண்ணும் இல்லேங்கறார்."

"அப்போ ஒண்ணும் இல்லே."

"நீ அன்னைக்குச் சொன்னே, பிரேக்கை மிதிச்சா தானா திரும்பிச்சுன்னு. யாரும் நம்பலே. நானும் நம்பலே." டோரதி நிறுத்தினாள். இதை அவனிடம் சொல்ல ஏழு மாதம் ஆகியிருக்கிறது. "இன்னைக்கு சந்தானம் அதே வார்த்தையைச் சொல்லிட்டுப் போறான்."

கத்தி நோயலின் கன்னத்தில் நின்றது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மறுபாதியை மழிக்கவே இல்லை.

வண்டியில் ஏறியதும் அவன் கைகள் ஸ்டியரிங்கின்மேல் உடனே போகவில்லை. தொடையில் இரண்டு முறை தேய்த்துக்கொண்டான். டோரதி அவன் இடப்பக்கம் உட்கார்ந்தாள். அன்று அப்பா உட்கார்ந்திருந்த இடம் அது என்று உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. எழுந்திருக்கவில்லை.

"எங்கே போகணும்?"

"முதல்லே ஏரித் திருப்பம். எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாலே."

முக்கால் மைல்கூட இல்லை. திருப்பத்தைத் தாண்டிப்போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு, அன்று வந்த அதே திசையில் வந்தார்கள். இடக்கைப் பக்கம் ஏரி. வண்ணார்கள் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த கைப்பிடிச் சுவரைப் புதிதாகக் கட்டிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சுற்றிலும் பழைய சுவர் கறுத்துக் கிடக்க, அந்த நாலு கஜம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

நோயலின் மூச்சு அவளுக்குக் கேட்டது.

"மிதி" என்றாள்.

மிதித்தான். வண்டி நின்றது. நேராக, ஒரு அங்குலம் விலகாமல்.

நோயல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இழுக்கலே" என்றான். அந்தக் குரலில் நிம்மதி இல்லை. தன்மேல் இருந்த பழி உறுதியாகிவிட்டவன் போலப் பேசினான்.

"இன்னும் முடியலே. ஹெப்பாளம் வரைக்கும் போ. வழியெல்லாம் பிரேக்கைப் போட்டுப் போட்டுப் போ."

பெல்லாரி ரோட்டில் ஐந்தாறு மைல் போனார்கள். வெயில் ஏறிவிட்டது. ஹெப்பாளத்துக்கு முன்னால் ஒரு சரிவு. இரண்டு பக்கமும் ராகி அறுத்த வெறும் நிலம். ஏரி இல்லை, திருப்பம் இல்லை, சுவர் இல்லை.

"இங்கே" என்றாள் டோரதி.

நோயல் மிதித்தான்.

வண்டி இடப்பக்கம் பாய்ந்தது. ஸ்டியரிங் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுழன்றது. டோரதியின் தோள் கதவில் மோதியது. சாலையோரப் புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி குலுங்கி நின்று, எஞ்சின் அணைந்தது.

புழுதி அடங்கியது.

"அப்பா ஹெப்பாளத்துக்கு எதுக்கு வரணும்?" என்றாள் டோரதி. "இது அப்பா இல்லே அண்ணா."

நோயல் இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து, முன்பக்க இடது சக்கரத்தின் உட்புறம் இருக்கும் பிரேக் டிரம்மில் விரலை வைத்தான். சுரீரென்று கையை இழுத்துக்கொண்டான். வலது சக்கரத்துக்குப் போனான். தொட்டான். கையை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"இது வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றான். "இடது பிரேக் பிடிக்குது. வலது பிடிக்கலே. பிடிக்கற பக்கம் வண்டி திரும்புது."

ஜாக்கியை எடுத்தான். கல் வைத்துப் பின்சக்கரத்தைத் தடுத்தான். வலது சக்கரத்தைக் கழற்றி, நடுவில் இருந்த மூடியைத் திறந்து, நட்டைத் திருகி, சக்கரக் குடத்தை டிரம்மோடு சேர்த்து வெளியே இழுத்தான். இத்தனை மாதமாக மரக்கட்டைகளுக்கு நம்பர் எழுதிய கைகள் அவை. ஒரு முறைகூடத் தயங்கவில்லை.

உள்ளே, டிரம்மை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் பிரேக் லைனிங்கின்மேல் கிரீஸ் உருகி வழிந்து பளபளவென்று கிடந்தது.

"இங்கே பாரு." குடத்தின் உட்புறம் விரல் அகலத்துக்கு ஓடிய ஒரு பள்ளத்தைக் காட்டினான். "இதுக்குள்ளே ஃபெல்ட் வளையம் ஒண்ணு இருக்கணும். கம்பளித் துணி மாதிரி. கிரீஸ் இந்தப் பக்கம் வராம தடுக்கறது அதுதான். காணோம். வளையமும் இல்லே, கிரீஸும் அளவுக்கு மேலே அடைச்சிருக்கு. காலையில வண்டி ஆறிப்போயிருக்கும், கிரீஸ் இறுகியிருக்கும், பிரேக் பிடிக்கும். நாலு மைல் ஓடினா உருகி லைனிங்ல இறங்கிடும். அப்புறம் வழுக்கும். ஏரித் திருப்பத்துலதான் பலமா மிதிக்கணும், அதான் அங்கே இழுத்திருக்கு."

"அன்னைக்கும் இதுதானா?"

நோயல் சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கிரீஸ் படிந்த கைகளை முழங்கால்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டான்.

"அதே பக்கம். அதே இழுப்பு. நாலு நாள் முன்னாலதான் அப்பா சக்கரத்துக்குக் கிரீஸ் போட வண்டியை விட்டுட்டு வந்திருந்தாரு." கைகளைப் பார்த்தபடியே பேசினான். "ஏரிச் சேத்துல கிடந்த சக்கரத்துல எவன் கிரீஸைத் தேடப்போறான்? ஏழு மாசமா கண்ணை மூடினா இந்தக் கைதான் தெரியுது டோரதி. எந்தக் கை திருப்பிச்சு, வலதா இடதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

டோரதி அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். அவன் அழவில்லை. அவள்தான் அழுதாள். அவன் தோளில் நெற்றியை வைத்து, நம்பாமல் இருந்ததற்காக அழுதாள்.

வெகுநேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியது.

"அப்பா வண்டியை எங்கே விட்டாரு?"

"ஸ்டேஷனுக்குப் பின்னாலே. அதே பட்டறைதான்."

அங்கே ஆறு பேர் வேலை செய்கிறார்கள் என்று டோரதி தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆறு பேர். ஆறு பேர்.

---

வழுக்கிய லைனிங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சக்கரத்தை மறுபடி மாட்டி, கை பிரேக்கை மட்டும் நம்பி மெல்ல ஓட்டி அவர்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆம்ப்ரோஸ் மட்டும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தான். வண்டியிலிருந்து இறங்குவது யார் என்று பார்த்ததும் எழுந்து ஓடிவந்தான்.

"மச்சான், நீங்களா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?" அவன் முகமெல்லாம் சந்தோஷம். நோயலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அத்தைக்குத் தெரியுமா? டோரதி, நீதானே இதைப் பண்ணினே?"

நல்லவன். அது டோரதிக்குத் தெரியும். அதுதான் அவளுக்குத் தாங்கமுடியவில்லை.

"ஃபெல்ட் வளையம் ஒண்ணு வேணும் ஆம்ப்ரோஸ்" என்றான் நோயல். "வலது முன்சக்கரத்துக்கு."

"ஃபெல்ட்டா? அதை நான் போடறதில்லையே மச்சான்." ஆம்ப்ரோஸ் தொழில் ரகசியம் சொல்பவன் போலச் சிரித்தான். "அது கிரீஸை உறிஞ்சிடும், குடம் காய்ஞ்சுபோகும். நான் எடுத்துப் போட்டுட்டு, கூட ரெண்டு கை கிரீஸ் வெச்சு அமுக்கிடுவேன். நான் தொட்ட சக்கரம் ஒண்ணுகூட இதுவரைக்கும் கத்தினதில்லே." பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தான். உள்ளே முப்பது நாற்பது ஃபெல்ட் வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. "எத்தனை வேணும்?"

நோயல் டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இடது சக்கரத்துலே?" என்று கேட்டான்.

"அதுலே வளையம் குடத்துத் துருவோட ஒட்டிக்கிட்டிருக்கு. முதல் தடவையும் வரலே, இந்தத் தடவையும் வரலே. விட்டுட்டேன்."

"முதல் தடவைன்னா எப்போ?" என்றாள் டோரதி.

"ஆகஸ்ட்லேதான். உங்கிட்ட சொன்னதில்லையா? உங்க அப்பா கிரீஸ் போட விட்டாரே, அது என் கைதான். வேலையைப் பாத்துட்டு என் தோள்லே தட்டினாரு, உனக்கு நல்ல கை தம்பின்னாரு. நாலு நாள்லே போயிட்டாருன்னு கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளலே. அதனாலதான் அன்னைக்கு உங்க வீட்டுக்கு..."

பேச்சு அறுந்தது. நோயல் அவன் முன்னால் கையை நீட்டியிருந்தான். கையில் அந்த பிரேக் லைனிங்.

ஆம்ப்ரோஸ் வாங்கினான். கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தான். விரலை முகர்ந்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தொழில் தெரிந்தவன். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை டோரதி பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் தெரிந்து செய்யவில்லை. தெரிந்திருந்தால் மறுபடியும் அதையே செய்து, அவளையும் அவள் அம்மாவையும் அந்த வண்டியில் ஏற்றியிருக்கமாட்டான்.

"மச்சான்" என்றான்.

நோயல் அவனை அடிப்பான் என்று டோரதி நினைத்தாள். அடித்திருந்தால் அவள் தடுத்திருக்கவும் மாட்டாள். நோயல் கேட்டது வேறு.

"இந்த வாரம் வேற எந்த வண்டிக்குப் போட்டே?"

ஆம்ப்ரோஸ் சுவரில் இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒரு எஸ்டேட்காரர் வண்டி. காலையில ஒன்பது மணிக்கு எடுத்துக்கிட்டுப் போனாங்க. அவர் சம்சாரம், ரெண்டு பசங்க. நந்தி மலைக்குப் போறாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கிடுவோம்னாங்க."

நந்தி மலை ரோட்டை மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள். ஏறும்போது பிரேக் தேவையில்லை. இறங்கும்போது அதை நம்பித்தான் இறங்க வேண்டும்.

ஆபீஸ் அறையில் இருந்த டெலிபோனை ஆம்ப்ரோஸ் நாலு முறை சுழற்றினான். மலை பங்களாவுக்கு லைன் கிடைக்கவில்லை. அதற்குள் நோயல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து லைனிங்கைப் பெட்ரோலில் கழுவ ஆரம்பித்திருந்தான். ஆம்ப்ரோஸ் ஓடிவந்து எதிரில் குந்தினான். டின்னிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து, பள்ளத்தில் வைத்து, சுற்றிலும் விரலால் அழுத்தினான். இரண்டு முறை நழுவியது. நோயல் வாங்கி வைத்துக் கொடுத்தான். முக்கால் மணி நேரம் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

சக்கரத்தை மாட்டி முடித்ததும் நோயல் ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தான்.

"ஏறு" என்றான்.

"நானா?"

"அந்த வண்டியை எனக்கு அடையாளம் தெரியாது. உனக்குத்தான் தெரியும்."

ஆம்ப்ரோஸ் டோரதியிடம் வந்தான். அவளுக்கு எட்டடி தள்ளியே நின்றுவிட்டான். கிட்டே வர அவனுக்குத் துணிவில்லை.

"நாளைக்கு ஓலை வாசிச்சிட்டு சாமியார் கேப்பாரு" என்றான். "தடை ஏதும் இருந்தாச் சொல்லணும்னு."

"முதல்லே போயிட்டு வாங்க" என்றாள் டோரதி.

வண்டி வாசலைத் தாண்டி வலப்பக்கம் திரும்பி மறைந்தது. அப்பாவின் இடத்தில் ஆம்ப்ரோஸ் உட்கார்ந்திருந்தான். டோரதி அந்த ஃபெல்ட் டின்னை மூடிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றரை மணி நேரம் மலை பங்களாவுக்கு டெலிபோனைச் சுழற்றிப் பார்த்து, லைன் கிடைக்காமல் போகவே ஜட்கா வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

---

பியாட்ரிஸ் அம்மாள் தலை வாரி, வெளியே போகும் புடவை கட்டி, ஜெபமாலையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மணி நாலு.

"வண்டி எங்கே? டிரைவர் கிடைச்சானா?"

டோரதி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொரு படியாகச் சொன்னாள். காலையில் ஏன் இழுக்கவில்லை, சாயங்காலம் ஏன் இழுத்தது, ஹெப்பாளத்தில் என்ன நடந்தது, சக்கரத்துக்குள் என்ன இருந்தது, என்ன இல்லை. ஆகஸ்டில் அந்தச் சக்கரத்தைத் தொட்டது யார் கை என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் அம்மா, டோரதி நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"அப்போ அவரு வர்றதில்லையா?"

"அம்மா..."

"அந்தத் திருப்பத்துலே. தினமும். அவரு இல்லையா அது?"

"இல்லேம்மா. கிரீஸ்மா அது."

"ஒரு நாள்கூட வந்ததில்லையா?"

டோரதி இல்லை என்று தலையசைத்தாள். பியாட்ரிஸ் அம்மாள் தன் புடவையைக் குனிந்து பார்த்தாள். யாருக்காக இதைக் கட்டிக்கொண்டோம் என்று யோசிப்பவள்போலக் கொசுவத்தை நீவினாள். ஆகஸ்டில் சவப்பெட்டியை மூடியபோது அழாதவள், மூன்று வாரமாக ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டு வந்தவள், இப்போது வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். டோரதி அவளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அந்த வீட்டில் அன்றைக்குத்தான் செத்துப்போனார்.

அழுகை ஓய்ந்ததும் அம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

"வண்டி எங்கேன்னு கேட்டேனே."

"நந்தி மலைக்குப் போயிருக்கு. இறங்கற வண்டியை நிறுத்தணும்."

"யாரு ஓட்டறா?"

"அண்ணா."

பியாட்ரிஸ் அம்மாள் எழுந்தாள். செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்குப் போய், கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நின்றாள். டோரதியும் போய்ப் பக்கத்தில் நின்றாள். வெயில் தாழ்ந்தது. மில்லிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். எதிர்வீட்டு அல்போன்சா மாமி ஏதோ கேட்க வந்து, இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போனாள். ஆறு மணிக்குக் கோவில் மணி அடித்தது. தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். அம்மாவின் கையும் நெற்றிவரை போயிற்று, அங்கேயே நின்றது.

"நோயல்" என்றாள். யாரையும் கூப்பிடவில்லை. ஏழு மாதமாகச் சொல்லாத பேர் இன்னும் வாயில் வருகிறதா என்று பார்த்தாள்.

தெருக்கோடியில் ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. இருவரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். வேறு யாருடைய வண்டியோ, நிற்காமல் போய்விட்டது.

அம்மா டோரதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"அவன் வந்து இறங்கினா, நான் முதல்லே என்னடி சொல்றது?"

சாலை ஏரிப்பக்கம் வளையும் இடத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றார்கள்.